கழிவறை வாசலில் ஈரம்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும். தலை அலங்காரம் செய்கிறவளுக்கு இதைவிட மோசமான வியாதி கிடையாது. மயிலாப்பூரில் அந்தப் படப்பிடிப்பு நடந்த நாட்களில் கதாநாயகிக்கு நான் போட்ட கொண்டை அத்தனையும் கோணல்தான். படம் பார்ப்பவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். காரணம், அன்புச்செல்வியை எங்கள் மேனேஜர் பேசிய பேச்சு.

அன்புச்செல்வி இப்போது வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கிறாள். அப்போது கேரவன் வேலை. நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கிற அந்தப் பெரிய வண்டியைப் பெருக்கித் துடைத்து வைப்பவள். சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள். வெள்ளம் வந்து போன பிறகு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கி, சாமான்களோடு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஏழாவது மாடி. மோட்டார் ஓடாத நாளில் கீழேயிருந்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அதையும் முடித்துவிட்டு, பஸ் மாறி, எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பாள். புருஷன் எப்போதோ வேறொருத்தியோடு போய்விட்டான். அவனைப் பற்றிக் கேட்டால், "அந்தாளப் பத்தி இன்னாத்துக்குக்கா பேசிக்கினு, டீ ஆறிடப் போவுது" என்பாள். வாய் கொஞ்சம் நீளம். கை அத்தனை சுத்தம்.

நான் கிளாடிஸ். எங்கள் வீட்டில் அம்மா டீச்சர், அக்கா நர்ஸ், கோயில் பாடகர் குழுவில் சித்தி. நான் ஒருத்திதான் சினிமாவுக்கு ஓடிப் பேரைக் கெடுத்தவள். கேரவனில் ஏறி இறங்குவதே என் பிழைப்பு. உள்ளே ஏ.சி. உண்டு, சோபா உண்டு, ஃப்ரிட்ஜ் உண்டு, பளபளவென்று ஒரு கழிவறையும் உண்டு. அந்தக் கழிவறைக்குள் நான் போகக் கூடாது. அன்புச்செல்வி அதைத் தேய்த்துக் கழுவலாம், ஆனால் அவளும் போகக் கூடாது. துணை நடிகைகள், மேக்கப்பை ஒற்றிச் சரிசெய்கிற டச்சப் பெண்கள், ஒருவருக்கும் அனுமதி இல்லை. பின்னே நாங்கள் என்ன செய்வோம்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்போம். அதற்கும் மேல் தாங்காவிட்டால் பெட்ரோல் பங்க்கைத் தேடிப் போவோம், இல்லையென்றால் முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிப் பல்லிளிப்போம். எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது, இன்னும் பல்லிளிக்கிறேன். இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் படத்துக்காக மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை எடுத்திருந்தார்கள். தெரு குறுகல். கேரவன் ஒரு பக்கச் சக்கரங்களை நடைபாதை மேல் ஏற்றிக்கொண்டு சாய்வாகத்தான் நின்றது. முதல் நாளே எதிர்வீட்டுப் பெரியவர் சண்டைக்கு வந்துவிட்டார். வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் வீட்டுக் கோலம் வரை ஓடியிருந்தது.

"கக்கூஸ் ஜலத்தையா எங்காத்து வாசல்ல விடறேள்? குடித்தனம் பண்ற இடமா இல்லையா இது?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் தமிழ்மாறன் கையெடுத்துக் கும்பிடாத குறை. "சார், சார், இனிமே ஒரு சொட்டு விழாது சார், நான் பொறுப்பு" என்றார். டிரைவர் தங்கவேலைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். மறுநாளிலிருந்து உண்மையிலேயே ஒரு சொட்டுகூட விழவில்லை. கோலம் தப்பித்தது.

ஆனால் வண்டிக்குள் ஈரம் ஆரம்பித்தது. காலையில் கேரவனைத் திறந்தால் கழிவறை வாசலில் தரை விரிப்பு நனைந்து கிடக்கும். முதல் நாள் அன்புச்செல்வி துடைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். மறுநாளும் நனைந்திருந்தது. அன்றைக்குத் தமிழ்மாறன் சீக்கிரம் வந்துவிட்டார். விரிப்பில் கால் வைத்தார், சாக்ஸ் நனைந்தது, ஆள் குதித்தார். கீழே நாங்கள் எல்லோரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். படியில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஏம்மா, நாங்க வர்றதுக்கு முன்னாடி உள்ள பூந்து குளிச்சியா?"

"இன்னா சார் சொல்ற? நான் மாப்பு போட்டதோட சரி."

"அப்ப பாத்ரூம் வாசல்ல தண்ணி எங்கேருந்து வந்துச்சு? உங்க வீட்டுல தண்ணி ஏறலன்னா இங்க வந்து குளிச்சுட்டுப் போவியா? ஹீரோயின் யூஸ் பண்ற பாத்ரூம்மா அது."

யாரோ சிரித்தார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையிலிருந்த சட்னியை அந்தச் சிரித்த மூஞ்சியிலேயே கொட்டியிருப்பேன். அன்புச்செல்வியின் முகம் கறுத்துப்போனது. தண்ணீரைத் தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போனவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

சாவியை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அன்றைய படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆனதும் தமிழ்மாறனே வண்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். காலையில் அவரே திறந்தார். விரிப்பு நனைந்து கிடந்தது. அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. "டூப்ளிகேட் சாவி போட்டு வச்சிருக்கா" என்று கூசாமல் சொன்னார். இந்த ஷெட்யூலோடு அவளுக்குக் கணக்குத் தீர்த்துவிடுவதாகவும் சொன்னார்.

ஒரு படம் போனால் இன்னொரு படம் என்று இருந்துவிட முடியாது. கேரவன் தொழில் சின்னது. எல்லா வண்டிக்காரனுக்கும் எல்லா வண்டிக்காரனையும் தெரியும். 'ஹீரோயின் பாத்ரூமில் குளிக்கிறவள்' என்று பேர் விழுந்துவிட்டால் அவளை எந்த வண்டியிலும் ஏற விடமாட்டார்கள். அவள் பயந்ததுகூட வேலை போவதற்கு இல்லை, அந்தப் பேருக்குத்தான். "வேல போனா போவட்டும்க்கா, நாலு வீட்டுல பாத்திரம் தேச்சுக்குவேன்" என்றாள் என்னிடம். "செய்யாதத செஞ்சேன்னு சொல்லிக்கினு திரியறான் பாரு, அத்த எப்பிடிக்கா தாங்கறது?"

நான் விரிப்பின் மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. வண்டிக் கூரைமேல் இருக்கிற தொட்டித் தண்ணீர் இந்த வெயில் காலத்தில் அப்படி இருக்காது. அவளும் குனிந்து தொட்டாள். பிறகு எதிரே சுவரோடு சுவராக நின்ற ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் யாசிருக்கு ஃபோன் போட்டாள்.

யாசிர், வடபழனி டிப்போவுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பாதிக் கேரவன்களுக்கு அவர்தான் வைத்தியர். மறுநாள் காலை அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் தமிழ்மாறன் எகிறினார். "உன்னை யாருய்யா கூப்பிட்டது?"

"அடியில பிளைவுட் ஊறிக்கினு கீது சார். அது பொளந்துச்சுன்னா வண்டி ஓனர் உங்களத்தான் கேப்பாரு" என்றார் யாசிர். ஓனர் என்றதும் மேனேஜர் வழிவிட்டார். அன்புச்செல்வி சொன்னதற்கு விடாத வழி அது.

யாசிர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். இளநீர், ஜூஸ் பாட்டில்கள், வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம். எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். உள்ளே பின்சுவரின் அடியில் ஒரு சின்னத் துளை இருந்தது. அதில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது, பிறகு விளிம்பு தாண்டி வழிந்து கழிவறைப் பக்கம் ஓடியது. நாங்கள் எல்லோரும் படியில் முண்டியடித்துப் பார்த்தோம்.

"பேக்கப் ஆனா ஜெனரேட்டர நிறுத்திடறீங்க. ஃப்ரிட்ஜும் நின்னுபோவுது. நைட்டு பூரா ஐஸ் உருகும். அந்தத் தண்ணி இந்த ஓட்டை வழியா டியூப்ல எறங்கி வெளிய போவணும். போவல. வண்டி அந்தப் பக்கமா சாஞ்சிக்கினு கீது, அதான் பாத்ரூம் வாசல்ல போய் நிக்குது. இவ்ளோதான் விஷயம்."

சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே போனார். "யாரோ அடைச்சு வச்சுக்கீறாங்கப்பா!" என்று அங்கிருந்து குரல் வந்தது. டியூபின் முனையில் துணியைத் திணித்து, மேலே எம்-சீல் பசையைப் பூசி இறுக்கி வைத்திருந்தார்கள். பிளேடால் முனையை அறுத்ததும் ஐஸ் தண்ணீர் அவர் முகத்திலேயே ஊற்றியது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். எனக்கு அது வேதவாக்காகக் கேட்டது.

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். தங்கவேல் பயந்துபோய்விட்டார். "சார்தான் அடைக்கச் சொன்னாரு. கக்கூஸ் தண்ணின்னு எதிர்வீட்டுல சண்ட போட்டாங்கல்ல, அன்னிக்கு. சொட்டுனது இந்த டியூப்தான்."

தமிழ்மாறன் வாட்ச்சைப் பார்த்தார். "சரி சரி, ஷாட்டுக்கு லேட்டாகுது. எல்லாரும் வேலையப் பாருங்க."

"சார்" என்றாள் அன்புச்செல்வி.

"விடும்மா. நீ நாளைக்கும் வேலைக்கு வா. போதுமா?"

"வேல கேக்கல சார். இதே படில நின்னு, இவ்ளோ பேர் முன்னாடி, குளிச்சேன்னு சொன்ன. குளிக்கலன்னு இப்ப சொல்லு."

"இதெல்லாம் ஒரு விஷயமா? தெரியாம சொல்லிட்டாங்க, விடு."

சொல்லிட்டாங்களாம்! யாரோ மூன்றாம் மனுஷன் சொன்ன மாதிரி. சாரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மாப்பை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கோலம் நனைந்ததற்குக் கும்பிட்ட கை, இவளுக்கு எழவில்லை.

அன்புச்செல்வி செருப்பைக் கழற்றினாள். படியேறினாள், நேராகக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கீழே எல்லோருக்கும் கேட்டது. பிறகு தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டது. நிதானமாக, அவசரமே இல்லாமல் விழுந்தது.

தமிழ்மாறன் பாய்ந்து வந்தார். வாயில் கவ்விய கொண்டை ஊசிகளோடு நான் படியை மறித்து நின்றேன்.

"உள்ள ஆள் இருக்கு சார்" என்றேன்.

"கிளாடிஸ், தள்ளுங்க."

"ஆள் இருக்குன்னு சொல்றேன்ல?"

அவள் வெளியே வந்தபோது முகமும் கழுத்தும் நனைந்திருந்தன. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். காலடி ஈரம் தரையில் வரிசையாக விழுந்தது.

"இன்னிக்குத்தான் போனேன், சார். இப்ப ஊர் பூரா சொல்லு."

"நாளையிலேருந்து நீ இந்தப் பக்கமே வரக் கூடாது."

"அத்த முன்னாடியே சொல்லிட்ட. புச்சா எதுனா சொல்லு." அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, காலைலேருந்து நீங்க போவலல்ல? போங்க. நான் வாசல்ல நிக்கிறேன்."

எனக்குப் பின்னால் துணை நடிகைகள் ஒவ்வொருவராக வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். நான் கொண்டை ஊசிகளை வாயிலிருந்து எடுத்து அன்புச்செல்வியின் ஈரக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். தாழ்ப்பாளைப் போட்டபோது என் கை நடுங்கவில்லை.