எல்டனுக்கு வராத பந்து

எல்டன் ப்ரூபேக்கருக்கு எங்கள் ஊரில் சிங்கம் என்று பெயர். பென்சில்வேனியாவில் ஓர் எஃகு ஆலை ஊர். எழுபதுகளில் எங்கள் பேஸ்பால் அணி தோற்றால் மறுநாள் ஆலையில் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். முதல் வீச்சாளர் களைத்துப்போய், மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் ரன்னுக்கு ஓடத் தயாராக வந்து நின்றுகொண்டால், மாற்று வீச்சாளர்கள் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எல்டன் மட்டும் "கோச், நான் போறேன்" என்று எழுந்து நிற்பான். மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிற எனக்கே அவன்மேல் பொறாமை உண்டு.

அந்தச் சனிக்கிழமை கடைசி இன்னிங்ஸ். முந்தைய இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிறைந்தபோதே எல்டன் வழக்கம்போல எழுந்து வந்து பந்து வீச ஆரம்பித்திருந்தான். நாங்கள் ஒரு ரன் முன்னால். எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் அவுட்டானால் ஜெயித்துவிடுவோம். இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள், முதல் பேஸ் காலி. அடிக்க வந்தவனோ அன்றைக்கு எங்களைப் பிழிந்தெடுத்தவன். கோச் ஹோபர்ட் நான்கு விரலைக் காட்டினார். மட்டைக்கு எட்டாத தூரத்தில் நான்கு பந்தை மெதுவாகப் போட்டு, அவனைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்கவிட வேண்டும். அடுத்து வருகிறவன் வெறும் சோப்ளாங்கி.

எல்டன் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"டேய், எனக்கு மெதுவாப் போட வராதுடா. எங்க விடணும்னு கைக்குத் தெரிய மாட்டேங்குது."

"விளையாடாதடா!"

"மூணு பேஸும் ரொம்பியிருந்தா நடக்கவிடச் சொல்ல மாட்டாங்க. விட்டா ரன் போயிடும்ல? அதான் அப்ப மட்டும் ஓடி ஓடி வருவேன். வீரமாவது மண்ணாங்கட்டியாவது."

"கோச்சுகிட்ட சொல்லவா?"

"சொன்னா டீம விட்டுத் தூக்கி நாளைக்கே பஸ் ஏத்தி விட்டுடுவாரு."

மூன்று பந்தை எகிறிக் குதித்து எப்படியோ பிடித்துவிட்டேன். நான்காவது என் தலைக்கு மேல் பறந்து, வேலியில் மோதி எங்கோ உருண்டது. பேஸில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார்கள்; இப்போது அவர்கள் ஒரு ரன் முன்னால்.

ஊர் கொதித்தது. ஆனால் எல்டன்மேல் இல்லை.

"ஏய் ஹோபர்ட்! சிங்கத்தைப் போய் பயந்தாங்கொள்ளி வேலை செய்யச் சொல்றியே, வெக்கமா இல்ல?"

ஹோபர்ட் மைதானத்துக்குள் வந்தார். எல்டன் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டான். "என்னை அனுப்பிடுங்க கோச். என்னால தாங்க முடியல." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹோபர்ட் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"உன்னை அனுப்பிட்டு நான் இந்த ஊர்ல உசுரோட இருக்கணுமா வேணாமா? வாய மூடிக்கிட்டு அடுத்தவனுக்குப் போடு. நாளைக்கும் நீதான் வர்ற."

கூட்டம் "சிங்கம்! சிங்கம்!" என்று கத்தியது. எல்டன் வெளியே போகிற கதவை ஒரு முறை பார்த்தான். பிறகு என்னிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டான்.