இல்லாத கோழிக்கு வந்த தீனி

2009-ஆம் வருடம், மழைக்காலம் தொடங்கும் நேரம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், காலுக்கடியில் ஒரு அரிசி மூட்டையைப் புடவையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறைக்கக் காரணம் இருந்தது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் காலை உடைத்துக்கொண்டு, அண்ணாமலை நகரில் எங்கள் வாடகை வீட்டில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். நான் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிப்பது வாடகைக்கே சரியாகப் போய்விடும். வயிற்றுக்கு ரேஷன் அரிசிதான் கதி. கார்டோ பழைய கடலூர் விலாசத்தில் இருந்தது. அதனால் மாதாமாதம் பஸ் ஏறிப் போய் அரிசியும் பாமாயிலும் வாங்கி வருவேன். எங்கள் தெருவில் எல்லாரும் மாதச் சம்பளக் குடும்பங்கள். அவர்கள் நடுவில் நாங்கள் மட்டும் ரேஷன் சோறு சாப்பிடுகிறோம் என்று தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்தேன். கஷ்டம்கூடத் தெரியலாம், அரிசி தெரியக்கூடாது. அப்படி ஒரு புத்தி எனக்கு.

கண்டக்டர் நேராக மூட்டையிடம்தான் வந்தார். குனிந்து மோந்துகூடப் பார்க்கவில்லை, அந்த வாசனைதான் பஸ் முழுக்க இருக்கிறதே.

"என்னாம்மா, ரேஷன் அரிசியா? இவ்ளோ எங்க எடுத்துனு போற?" என்று சத்தமாகக் கேட்டார்.

முன் சீட்டிலிருந்து ஒரு தலை திரும்பியது. எங்கள் எதிர்வீட்டு அக்கா. அவர் கணவருக்குப் பல்கலைக்கழக ஆபீஸில் வேலை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கோழிக்குங்க."

கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டு நகர்ந்தார். அக்கா நகரவில்லை. கோழி வளர்க்கிறாயா, சத்தமே கேட்டதில்லையே என்று ஆச்சரியப்பட்டார். அடைகாக்கிறது, அதனால்தான் சத்தம் இல்லை என்றேன். ஒரு பொய்க்கு இவ்வளவு சீக்கிரம் துணைப்பொய் கிடைத்ததில் எனக்கே கொஞ்சம் பெருமை.

வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டே விட்டுப்போயிருக்கும். அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையானால், கட்டிலில் இருந்தபடியே "கோழிக்குத் தீனி ஆச்சா?" என்று குரல் வரும். காலையில் கஞ்சி, மத்தியானம் சோறு, ராத்திரி அதே அரிசியை அரைத்து அடை. எத்தனை முறை கழுவினாலும் அந்த வாசனை விடாது. பாமாயில் தாளிப்பு அதற்குப் பொருத்தமான ஜோடி.

நான்கைந்து நாள் கழித்து அக்கா ஒரு பையோடு வாசலில் வந்து நின்றார். அவர்கள் கார்டுக்கு வரும் அரிசி சும்மா கிடக்கிறதாம், வீட்டில் யாருக்கும் அது ஒத்துக்கொள்ளாதாம். "கோழிக்காவது ஆவட்டுமே" என்று பையை நீட்டினார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பை நல்ல கனம். ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமும் வந்தது. பாதி வயிறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள், கோழியின் புண்ணியத்தில் வயிறாரச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகுதான் வினை வந்தது. அக்காவின் மகள் வயதுக்கு வந்தாள்.

எங்கள் பக்கம் வயதுக்கு வந்த பெண்ணுக்குக் காலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையை மேலே மட்டும் உடைத்து, ஓட்டோடு பச்சையாகக் குடிக்கக் கொடுப்பார்கள். பிறகு அதே ஓட்டில் நல்லெண்ணெய் ஊற்றி அதையும் குடிக்க வைப்பார்கள். அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"கடையில நாட்டு முட்டன்னு எதையோ குடுத்து ஏமாத்துறானுங்க. நம்ம கோழி இருக்கறப்ப நான் ஏன் வெளியில போவணும்?" என்றார்.

அவர் "நம்ம கோழி" என்றது என்னைக் கொன்றுவிட்டது. இல்லை என்று சொன்னால் கோழியும் போகும், அரிசியும் போகும், நானும் தெருவில் தலை காட்ட முடியாது. நிஜ நாட்டு முட்டை வாங்கக் கையில் காசில்லை. படுத்துக்கிடந்த கணவர்தான் யோசனை சொன்னார். கடையில் சின்னதாகப் பார்த்து வெள்ளை முட்டை வாங்கி, கெட்டியான டீ டிகாஷனில் ஊறப்போட்டால் நாட்டு முட்டை நிறம் வந்துவிடுமாம். படுத்தே கிடந்தால் மனுஷனுக்கு இப்படித்தான் மூளை வேலை செய்யும் போலிருக்கிறது.

ஊறப்போட்டேன். நிஜமாகவே நல்ல நிறம் வந்தது. காயவைத்து, கிண்ணத்தில் தவிட்டுக்கு நடுவே பதித்து, இப்போதுதான் கோழி இட்ட மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஓடிவரலாம் என்று பார்த்தால் அக்கா விடவில்லை. முட்டை கொடுத்த மகராசி பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம்.

அந்தப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டையைக் குடித்தாள். பிறகு எண்ணெயையும் குடித்தாள். ஓட்டைக் கீழே இறக்கியபோது அவள் மேலுதட்டில் அழகாக ஒரு பழுப்பு மீசை. விரல்களிலும் அதே நிறம்.

"அம்மா, டீ வாசன அடிக்குது" என்றாள்.

அக்கா ஓட்டைக் கையில் வாங்கினார். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி ஓட்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். உள்ளேயிருந்து பால் வெள்ளை எட்டிப் பார்த்தது. அப்படியே என் முகத்தைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா புடவைத் தலைப்பால் மகளின் மீசையைத் துடைத்தார். "நாட்டு முட்டன்னா அப்புடிதான் இருக்கும். நீ பேசாம இரு" என்றார்.

வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துவிட்டேன். கணவர்கூட அன்றைக்குத் தீனி ஆச்சா என்று கேட்கவில்லை. இனி அரிசி வராது, அக்கா முகத்தில் விழிக்கவும் முடியாது, வேறு தெருவில் வீடு பார்க்க வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் அக்கா. கையில் வழக்கமான அரிசிப் பை. அதற்கு மேலே துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்று.

"கோழிக்குப் பருப்பும் சேத்துப் போடு. வெறும் அரிசி தின்னா எளச்சிப் போயிடும்" என்றார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

நான் பேச வாயெடுத்தேன். அவர் அதற்குள் தெருவைத் தாண்டிவிட்டார். அதன் பிறகு எங்கள் கோழிக்கு ராஜபோகம்தான். கோழிக்கு என்று கத்திரிக்காய் வந்தது, கருவாடு வந்தது, சாம்பார் பொடி வந்தது. ஒருநாள் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயே வந்தது.

"காரம் கொஞ்சம் ஜாஸ்தியா போச்சு. கோழிக்கு ஒத்துக்குதான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

ஒத்துக்கொண்டது என்று மறுநாள் போய்ச் சொன்னேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கணவர் மறுபடி ஆட்டோ எடுத்த பிறகு, முதல் வேலையாக இரண்டு நாட்டுக்கோழி வாங்கினேன். முதல் முட்டையை இளஞ்சூட்டோடு அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கி, விரலை ஈரமாக்கி, மெதுவாக ஓட்டின் மேல் தேய்த்துப் பார்த்தார். நிறம் போகவில்லை. என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தோம். எனக்கு வந்த நீரில் பாதி சிரிப்பால் வந்ததல்ல.

இப்போது யாருக்காவது அரிசி, பருப்பு என்று ஏதாவது கொடுக்கப் போகிறபோதெல்லாம், அவர்கள் தலை குனியாமல் வாங்கிக்கொள்ள ஒரு கோழியையும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.