ஹாஜி வீட்டுச் சொறி

என் மச்சான் பல்காசிமுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. எந்த ஒட்டகம் கம்பத்தில் முதுகைத் தேய்த்தாலும் அவருக்கு ஆள் வரும். மரத்தைச் சுட்டு வடித்த தாரைக் காய்ச்சி, கழுத்திலிருந்து வால்வரை பூசிவிட்டு வருவார். பூசிய ஒட்டகத்தைப் புதுமயிர் முளைக்கும்வரை தனியாகத்தான் கட்ட வேண்டும். பொதுக் கிணற்றுப் பக்கம் கொண்டுவரவே கூடாது. அந்தச் சொறி பூசுகிறவருக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டகத்துக்காவது கம்பம் இருக்கிறது. இவர் சொறிந்துகொள்ள நாலு பேர் பார்க்காத இடம் தேட வேண்டும்.

கோடைத் தொடக்கத்தில் ஹாஜி உம்ரான் ரகசியமாக ஆள் அனுப்பினார். அவருடைய நாற்பது ஒட்டகங்களுக்கும் சொறி. வெளியே தெரிந்தால் கிணற்றுப் பக்கம் விடமாட்டார்கள், மந்தை தாகத்தில் சாகும். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் பல்காசிம் மூன்று நாள் தார் பூசினார். திரும்பும்போது சொறியும் கூடவே வந்தது. என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். எட்டாத முதுகைச் சொறிய ஆள் வேண்டுமே.

அடுத்த மாதமே ஹாஜி தன் மகனுக்குப் பல்காசிமின் ஒரே மகள் நஜியாவைக் கேட்டார். அவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது.

நிச்சயத்தன்று மதியம் ஹாஜியோடு ஆறு பேர் வந்தார்கள். ஒரே தாம்பாளத்தில் ஆட்டிறைச்சியும் கோதுமை ரவையில் அவித்த குஸ்குஸும். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். பல்காசிம் துஆ ஓதி முடியும்வரை பல்லைக் கடித்துப் பொறுத்தார். அதற்குமேல் முடியாமல் விரலிடுக்கைப் பரபரவென்று சொறிந்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, கையில?" என்றார் ஹாஜி.

"ஒண்ணுமில்ல, வெயில்ல அரிக்குது."

"வெயில் எனக்குந்தான் அடிக்குது, நான் சொறியலையே. ஒரே தட்டுல கை வைக்க நம்ம ஆளுங்க கூசுறாங்க. கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறக்கப் போனேன். பல்காசிம் என் தொடையை அழுத்தினார்.

"விடு மச்சான்," என்றார் காதோரம். "சொன்னா அவர் மந்தைக்குத் தண்ணி இல்லாமப் போயிரும். நாளைக்கு அந்த வீட்டுலதான் என் புள்ள பொழைக்கணும்."

எழுந்துபோய்ச் சுவரோரம் தனியாக உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவரை அவ்வளவு அலுத்துப்போய் நான் பார்த்ததில்லை. ஹாஜி இறைச்சி நன்றாக வெந்திருப்பதாகச் சொல்லி இன்னொரு துண்டு எடுத்தார்.

நஜியா ஒரு சின்னத் தட்டில் சாப்பாடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதே தட்டில் கையை விட்டாள்.

"தள்ளிப் போ புள்ள, ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும் வாப்பா. நான் வாழப்போற வீட்டுச் சொறிதானே."

பல்காசிம் மெல்லுவதை நிறுத்தினார். "உனக்கு யாரு சொன்னா?"

"உங்க சட்டைய யாரு துவைக்கிறா? அவங்க வீட்டு வெள்ளை ஒட்டகத்து மயிரு எனக்குத் தெரியாதா? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போகல."

அவர் தாம்பாளத்துப் பக்கம் ஹாஜியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பையன் நல்லவன்தானே?"

"நல்லவன்தான்."

"அப்பச் சாப்பிடு. சொறி ஒரு மாசத்துல ஆறிரும்," என்றார்.