மூன்று மடங்கு நேரம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஸ்டுடியோவில் செழியன் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறான். முப்பது தாண்டிவிட்டது. தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஆண்கள்மேல்தான் என்று அம்மா பெரியம்மாளிடம் ஆடி மாதம் சொன்னான். ஆவணி பிறந்ததும் அவள் பெண் பார்த்துவிட்டாள். களமருதூர், பெயர் தேவிப்ரியா.

அவன் ஒப்பவில்லை. தாய்மாமன் தீனதயாளன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் புதிதாக மனநல ஆலோசனை மையம் ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே கேள்வி கிடையாது. கணினியில் ஆண், பெண் படங்கள் மாறிமாறி வரும். பார்த்து முடித்துப் பொத்தானை அழுத்தினால் அடுத்த படம். யாரை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதை வைத்து மனசை அது சொல்லிவிடுமாம்.

“மனுசன் வாய் பொய் சொல்லும்டா. மிஷின் சொல்லாது.”

செழியனுக்கும் சந்தோஷம்தான். தன் வாயை நம்பாதவர்கள் மிஷினையாவது நம்புவார்கள்.

மாமா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். படங்கள் சுமார். முதல் பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். அடுத்தவள் மூக்குத்தியில் ஃபிளாஷ் தெறித்திருந்தது. இன்னொருத்தி நெற்றியில் முடிப்பிசிறு. ஆல்பம் வேலைப் பழக்கத்தில், எங்கே தொட்டால் சரியாகும் என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினான். ஆண்கள் வந்தார்கள், போனார்கள். மாப்பிள்ளை முகத்தில் மெனக்கெடாதே என்பது ஸ்டுடியோ சட்டம். ஒருவன் மட்டும் மிக அழகாக இருந்தான். அவனைத்தான் எல்லாரையும்விட வேகமாகத் தள்ளினான். பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய வேகம்.

“பெண்கள் படத்துல மூணு மடங்கு நேரம் நின்னிருக்காரு. கவலப்பட ஒண்ணும் இல்லீங்க” என்றார் ஆலோசகர்.

மாமா முதுகில் தட்டினார். “திருட்டுப் பய. வுட்டா நாளெல்லாம் பாத்துக்கினு இருந்திருப்பான்.”

“கருவளையம் மாமா. எடுத்துவுடலாமான்னு பாத்தேன்.”

“எடுத்துவுடணும்னு உனக்கு ஏண்டா தோணுது? அதுக்குப் பேருதான்டா ஆச.”

பெரியம்மாள் அய்யனாருக்குப் பொங்கல் வைத்தாள். மாமா எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் முடிவைச் சொன்னார். களமருதூருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

நிச்சயதார்த்தம் நெருங்கியபோது செழியன் தேவிப்ரியாவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னான்.

“உங்க மாமா வேற மாதிரி சொன்னாருங்களே. டெஸ்ட்லாம் பண்ணி.”

“டெஸ்ட் தப்புங்க. நான் சொல்றதுதான் நெசம்.”



“சரிங்க, நம்புறேன். ஆனா எங்க வூட்ல நம்ப மாட்டாங்க. எங்கப்பா மிஷின் சொன்னதத்தான் புடிச்சிக்குவாரு.”

“அப்ப இன்னா பண்றது?”

“நான் பாத்துக்கறேன். உங்க பேருதான் கொஞ்சம் கெடும். பரவால்லீங்களா?”

“கெடட்டுங்க.”

மறுநாள் களமருதூரிலிருந்து பெண்ணின் சித்தப்பா வந்தார். முன்பின் தெரியாத பெண்களின் படத்தை, தாய்மாமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மூன்று மடங்கு நேரம் வெறித்தவனுக்குப் பெண் கொடுப்பதற்கில்லை என்றார். விஞ்ஞானமே சொல்லிவிட்ட பிறகு விசாரிக்க ஒன்றுமில்லை என்றார்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“எங்க பையன் அந்த மாதிரி இல்லீங்க! பொம்பளய ஏறெடுத்துப் பாக்க மாட்டான். அவன் வாயாலயே சொல்லியிருக்கான், கேட்டுப் பாருங்க!”

செழியன் எழுந்து வந்து, ஆமாங்க என்றான்.