அக்கா திட்டாத பத்தொன்பது நாட்கள்

செய்தி வந்தபோது மணி பதினொன்று நாற்பது. அக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை. பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருபத்தாறு வருடம் பழகிய கை, போனைக் காதில் வைத்தபடியே நேரத்தை வண்டிப் பதிவுத் தாளில் எழுதிவிட்டது. எந்த வண்டி என்ற கட்டம் மட்டும் காலியாக நின்றது.

தம்பியோடு வேலை பார்க்கும் மெக்கானிக்தான் பேசினான். "மேல மெஷின் ரூம்ல இருந்தார்க்கா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தார். அவ்வளவுதான்."

தம்பிக்கு நாற்பத்தேழு வயது. லிஃப்ட் பழுது பார்ப்பவன். கல்யாணம் கூடிவரவில்லை. அக்காவின் கணவர் காலமான பிறகு இரண்டு பேரும் ஒரு மாடி வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். வேலையிடத்தில் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். அக்கா நேர் எதிர். டிரைவர் இரண்டு நிமிடம் பிந்தினால், அவர் காரணம் சொல்லி முடிப்பதற்குள் சிவப்புக் கோடு விழுந்துவிடும். தம்பி அவளைச் சுங்கச்சாவடி என்பான். "நிக்காம யாராவது தாண்டிட முடியுமா?"

கப்பாலா என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். மூக்குக் கண்ணாடி வாங்கப் போன கடையில், லென்ஸ் அலமாரிக்குப் பின்னால் ஒரு படம் தொங்கியது. பத்து வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். கப்பாலா என்கிற யூதர்களின் மறைஞானத்தில் வரும் மரம் என்றார் கடைக்கார அம்மா. செவ்வாய்க்கிழமை மாலைகளில் நாலு பேர் கூடிப் படிக்கிறோம், வருகிறீர்களா என்று கேட்டார். கேட்டால் இவன் என்ன சொல்வான்? ஏமாறப் போகிறான் என்று அவனை மீட்டு வரப்போன அக்கா, தானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மரத்துக்கு வலப்பக்கம் கருணைத் தூண், இடப்பக்கம் கண்டிப்புத் தூண். கருணை மட்டும் இருந்தால் கரையில்லாத வெள்ளம். கண்டிப்பு மட்டும் இருந்தால் எதுவும் முளைக்காது. நடுத்தூண் வழியாகத்தான் ஏற முடியும். ஹெர்மெடிக் என்கிற பழைய கிரேக்க-எகிப்திய ஞான மரபைப் படித்தபோது, சூடும் குளிரும் இரண்டு வேறு பொருள் அல்ல, ஒன்றின் இரண்டு முனைகள் என்று வந்தது. அன்றைக்குத் தம்பிதான் எல்லோருக்கும் விளக்கினான்.

"காலி லிஃப்ட்ல பிரேக்கை விட்டா கீழ விழும்னு நினைப்பீங்க. விழாது, மேல பாயும். மறுபக்கம் தொங்குற எடை அதைவிடக் கனம். பாதி ஆள் ஏறினாத்தான் ரெண்டும் சமம்." பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "நான் காலி லிஃப்ட். அந்த எடை இவங்க."

அவரவரிடம் இல்லாத தூணை நாற்பது நாள் பழக வேண்டும் என்பது கடைக்கார அம்மாவின் யோசனை. தம்பி மறுக்கப் பழக வேண்டும். அக்கா விட்டுக்கொடுக்க வேண்டும், யாரையும் அதட்டக் கூடாது. தம்பி கண்ணாடி முன்னால் நின்று "முடியாது" என்று சொல்லிப் பார்த்தான். அது அனுமதி கேட்பதுபோல இருந்தது. அக்கா ஒரு டிரைவரிடம், "பரவாயில்லை, நிதானமா போங்க" என்றாள். மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று அவர் பணிமனை முழுக்க விசாரித்தார்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்ததும் இடது தோளைத் தேய்த்துக்கொண்டான். படியேறியதில் மூச்சு வாங்கியது.

"என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குக்கா. வாயுவா இருக்கும். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறேன்."

வேறு நாளாக இருந்தால் அவன் செருப்பைக் கழற்றியிருக்க முடியாது. காதைப் பிடிக்காத குறையாக அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பாள். திட்டு தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"உன் உடம்பு. உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் போ."

தம்பி உடனே நகரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, திட்டலியா?"

"திட்ட மாட்டேன்."

"சரிதான். சுங்கச்சாவடிக்கு லீவு." சிரித்துக்கொண்டு முகம் கழுவப் போனான். மறுநாள் காலையில் அவள் எழுந்து வருவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். "நீ சொல்லாமலா இருந்திருப்பே? அவன் காதுல வாங்கியிருக்க மாட்டான்," என்று சித்தி அவள் முதுகைத் தடவினாள். இல்லை சித்தி, நான் சொல்லவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைக்கார அம்மா மூன்றாம் நாள் வந்தார். "நாப்பது நாள்னு நான்தான் சொன்னேன்," என்று சொல்லிவிட்டுத் தேம்பினார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிடித்துக்கொள்ள அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் சொன்னாள். "ரெண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாத்தினோம்மா. அவனும் தவறலை, நானும் தவறலை."

அவர் போன பிறகு கீழ்வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, இப்ப கேக்குறதுக்குத் தப்பா நினைச்சுக்காதீங்க. வேற ஆளைக் கூப்பிடலாமா? மூணு நாளா சமையலறைக் குழாய்ல தண்ணி இல்லை."

"எந்தக் குழாய்?"

"ஒழுகுதுன்னு போன வாரம் சொன்னேன். முடியாதுன்னுட்டார். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அப்புறம், அவர் தவறின அன்னைக்குக் காலையில அவரே வந்து கதவைத் தட்டினார். 'அக்காகிட்ட சொல்லிடாதீங்க, மானம் போயிடும்'னு சிரிச்சார். கழட்டும்போதே வேலைக்கு நேரமாயிருச்சு. சாயங்காலம் வந்து மாட்டுறேன்னு போனார்."

அக்கா அவளோடு படியிறங்கிப் போனாள். வால்வு மூடியிருந்தது. குழாயின் தலைப்பகுதி கழற்றப்பட்டு ஒரு கிண்ணத்தில் கிடந்தது. ஜன்னல் விளிம்பில் புது வாஷர், உறை பிரிக்காமல் இருந்தது.