மாலை போட்டாலும் மூளை கேட்கணுமே!

குடியை நிறுத்தச் சொல்லிச் சம்பளம் வாங்குவது என் தொழில். நிறுத்தியவரைக் காப்பாற்றுவதும் என் தலையில்தான் என்று வேலைக்குச் சேரும்போது ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு குடிகாரரை வைத்துக்கொண்டு அல்லாடும் புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பிரேக்கும் ஆக்சிலரேட்டரும்

எங்கள் செகந்திராபாத் சிகிச்சை மையத்துக்கு வரதன் வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர், முப்பது வருஷக் குடி. கூட மனைவி கோமளா. மூளையில் டோபமைன் என்ற சந்தோஷ ரசாயனத்தைச் சாராயம் அள்ளி விடும், பழகிய மூளை இன்னும் கொண்டா என்று கேட்கும் என்றேன். அதைவிட முக்கியமாக, குடி மூளைக்குப் பிரேக். அதைச் சமாளிக்க மூளை ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருக்கும். பிரேக்கைச் சட்டென்று எடுத்தால் வண்டி தறிகெட்டு ஓடும், அதனால் மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன்.

ஃபிட்டர் ஆயிற்றே, புரிந்துகொள்வார் என்று நம்பினேன். என் புத்தி!

"மாத்திரையெல்லாம் நக்கோ சார், வேணவே வேணாம். கார்த்திகை பொறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுடுவேன். தானா நின்னுடும்."

அருள்வாக்கு

போட்டார். நின்றது. இரண்டாம் நாள் சாயங்காலம் கோமளா போனில் அழுதார். வரதனுக்கு உடம்பெல்லாம் உதறல், வியர்வை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறாராம். பஜனைக்கு வந்த கூட்டமோ, சாமி வந்துவிட்டது என்று கற்பூரம் காட்டிக் காலில் விழுந்துகொண்டிருக்கிறது.

"அது சாமி இல்லை, வலிப்பு வந்து உயிரே போய்விடும், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்" என்று கத்தினேன். போனை வாங்கிய குருசாமி பொறுமையின் சிகரம்.

"இன்னும் ரெண்டு பேர் வாக்கு கேக்கணும் சாமி. முடிஞ்சதும் அனுப்பிடறோம்."

யார் பேர் கெடும்?

கோமளா காத்திருக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக் கணவரை இழுத்து ஆட்டோவில் போட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே வலிப்பு வந்துவிட்டது. பிழைத்தது பெரிய விஷயம். நான்கு நாள் கழித்துத் தெளிந்த வரதன், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். மாத்திரையால் குடி நின்றது என்று வெளியே தெரிந்தால் ஐயப்பன் பேர் கெட்டுவிடுமாம்.

கோமளா தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

"பொண்டாட்டி வாய் தாங்காமதான் குடிக்கிறான்னு முப்பது வருஷமா காலனியே என் பேரைக் கெடுத்துச்சே, அப்ப எங்க போச்சு இந்த அக்கறை? முழுங்குங்க."

ஆக, எங்கள் தொழிலில் குடி நின்றால் சாமிக்கோ டாக்டருக்கோ நல்ல பெயர், நிற்காவிட்டால் மட்டும் பெண்டாட்டிக்குக் கெட்ட பெயர்.