ஏழாம் பாகத்தின் கொலைகாரன்

என் அத்தான் தைத்த புத்தகத்தை நாய் கவ்வி இழுத்தாலும் அட்டைதான் போகும், தாள் போகாது. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரைப் பசை வாசனையோடுதான் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்தில் முதுகு உடைந்த புத்தகங்கள் சேர்ந்தால் அவருடைய பைண்டிங் கடைக்குத்தான் கட்டி அனுப்புவோம். பிரித்து, தைத்து, ஓரம் வெட்டி, புது அட்டை போடுவார். திருப்பி அனுப்புவதற்கு முன்னால் படித்தும் விடுவார். "ஓசியில படிக்கிறதுக்குன்னே இந்தத் தொழிலுக்கு வந்தேன்" என்று பெருமை வேறு.

அப்படி அவர் தலையில் ஏறி உட்கார்ந்ததுதான் அந்த ஸ்காட்லாந்து துப்பறியும் நாவல் வரிசை. எல்லாப் பாகத்திலும் ஒரே இன்ஸ்பெக்டர். அந்த ஊரில் எப்போதும் மழை, அந்த மனிதருக்கு எப்போதும் ஜலதோஷம். மூக்கைச் சிந்திக்கொண்டே கொலைகாரனைப் பிடித்துவிடுவார். எங்கள் வாசகர் வட்டத்தில் அவருக்கு 'மூக்கடைப்பு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாம் பாகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல எல்லோரும் வாசிப்பு அறையில் கூடினோம். மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். "ஏழு பாகமா ஒருத்தருக்கு மூக்கு ஒழுகுதுன்னா அது ஜலதோஷமே இல்லீங்க. எழுதினவருக்கு யாராவது சொல்லணும்."

"பாதிப் புத்தகம் வரைக்கும் மழைதான் பெய்யுது, கதை ஒரு அடி நகரல" என்றார் கணக்கு டீச்சர். அவருக்கு எந்தப் புத்தகமும் பிடித்ததில்லை. ஆனாலும் ஒன்று விடாமல் படிப்பார்.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பெண்மணி மேசையைத் தட்டினார். "கலங்கரை விளக்கத்துக்காரரோட பொண்டாட்டிதான் கொன்னிருக்கான்னு, அந்த ஈரச் செருப்பைப் பாத்தப்பவே நான் சொல்லிட்டேன்!"

அத்தான் சிரித்தார். "என்னம்மா நீங்க, கடைசி வரைக்கும் படிக்கலயா? கொன்னது மீன் ஏலம் விடறவனாச்சே. படகுத்துறையில நின்னு அழுதுக்கிட்டே ஒத்துக்கறானே! அதுதாங்க இந்தப் புத்தகத்தோட அழகே. அவனைப் பத்தி முன்னாடி ஒரு வார்த்தை கிடையாது. திடுதிப்னு வந்து நிக்கறான். எவனால கண்டுபிடிக்க முடியும்?"

"இந்தக் கதையில மீனே இல்லையே" என்றார் கணக்கு டீச்சர்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நூலகத்தில் அந்தப் பாகத்துக்கு மூன்று பிரதிகள் உண்டு; அதில் ஒன்றை நானும் படித்திருந்தேன், கொன்றது கலங்கரை விளக்கத்துக்காரரின் மனைவியேதான். அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு சினிமாவின் முடிவை இன்னொரு சினிமாவோடு சேர்த்துச் சொல்வார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பிறகு ஒருநாள் சொந்த மனைவியையே பார்த்து, "யாரும்மா நீங்க, யாரைப் பார்க்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மறுவாரம் அக்கா போன் செய்தாள். "உங்க அத்தானுக்கு என்னடி ஆச்சு? நேத்து என்ன சமைச்சேன், முந்தாநாள் என்ன சமைச்சேன்னு தினம் தானே சொல்லி, சரியான்னு என்னையே கேக்கறாரு. ரெண்டு நாளா தாள் வெட்டற மெஷினையும் தொடல. பக்கத்துக் கடைக்காரர்தான் வந்து வெட்டிக் குடுக்கறாராம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் புரியவில்லை. ஒரு கொலைகாரனை மாற்றிச் சொன்னதற்கு மனுஷன் இப்படி ஒடுங்கிப் போவாரா? சரி, மாற்றித்தான் சொன்னார், படகுத்துறை எங்கிருந்து வந்தது? அழுகை எங்கிருந்து வந்தது? இல்லாத ஆளை இவ்வளவு விவரமாக ஒருவரால் எப்படி நினைவு வைத்துக்கொள்ள முடியும்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. போய் அலமாரியில் இருந்த மூன்று பிரதிகளையும் எடுத்துப் பார்த்தேன். அவர் தைத்தது மூன்றாவது. கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன்.

படகுத்துறை. மழை. மீன் ஏலம் விடுபவன் நின்று அழுதுகொண்டிருந்தான்.

சத்தியமாக எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். நல்லவேளை, எட்டாம் பாகத்தையும் எடுத்துப் பார்க்கத் தோன்றியது. அதுவும் அதே கட்டோடு தைத்து வந்த புத்தகம்; நாங்கள் அவசரப்படுத்தியதில் அத்தான் அதை மட்டும் படிக்காமலே அனுப்பியிருந்தார், இன்னும் யாரும் எடுத்துப் போயிருக்கவில்லை. அதன் கடைசியில் கலங்கரை விளக்கத்துக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே எழுத்து, ஒரே மூக்கடைப்பு. பக்க எண்ணும் தடங்கலில்லாமல் ஓடியது. ஏழில் சரியாக ஒரு அத்தியாயம் முடிகிற இடத்தில் எட்டின் கடைசி ஃபாரங்கள், அதாவது மடித்துத் தைக்கிற பக்கக் கொத்துகள், வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பைண்டர்கள் எண்ணைப் பார்த்துத்தான் அடுக்குவார்கள், கதையைப் பார்த்து அல்ல.

இரண்டு புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அத்தான் அட்டைக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், உங்களுக்கு ஒண்ணுமில்ல! புத்தகம்தான் தப்பு. நீங்க படிச்சது நெசமாவே மீன்காரன்தான்!"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். அந்தப் பக்கத்தைப் படித்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாத்தியா! நான் சொன்னேனே!" என்றார். பிறகு புத்தகத்தை அகலமாக விரித்து, நடுவில் ஓடும் நூலை விரலால் தடவினார். மெதுவாக மூடினார்.

"இதைத் தைச்சது நான்தானேம்மா."

ஓடி வந்த வேகத்தில் அதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் நடக்கறதுதான் அத்தான். ஒரே மாதிரி ரெண்டு புத்தகம். யாரா இருந்தாலும் மாறிப் போகும்."

"மாறும்னு தெரிஞ்சுதான் தனித்தனி மேசையில வெச்சுப் பிரிப்பேன். எப்பவும் அப்படித்தான். இதை எங்க வெச்சுப் பிரிச்சேன்னு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் வரமாட்டேங்குது."

நான் கொண்டுவந்தது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எனக்கே தெரியவில்லை. அவரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லு, நீயே சொல்லு என்பது போல. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்றைக்கு அசதியாக இருந்திருக்கும், யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்றேன். அவரும் "இருக்கும், இருக்கும்" என்றார். சொன்ன எனக்கும் நம்பிக்கையில்லை, கேட்ட அவருக்கும் இல்லை.

அங்கேயே உட்கார்ந்து இரண்டு புத்தகங்களையும் பிரித்து, ஃபாரங்களை இடம் மாற்றித் தைத்தார். ஊசி ஒரு துளையைக்கூடத் தவறவிடவில்லை. முடித்ததும் ஏழாம் பாகத்தின் உண்மையான முடிவைப் படித்துவிட்டு, "மீன்காரனே தேவலாம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு நூலகத்துக்குப் போகவேண்டிய புத்தகக் கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இனிமே நான் தைச்சதை அப்படியே அலமாரியில வெச்சுடாதே. நீ ஒவ்வொண்ணா படிச்சுப் பாரு. நம்பரை இல்ல, கதையை. தப்பு இருந்தா எங்கிட்ட சொல்லு."

"சரி அத்தான்."

"ரெண்டாவது தடவையும் இருந்தா, எங்கிட்ட சொல்லாதே. உங்க அக்காகிட்ட சொல்லிடு."